பழவேற்காடு ஏரிக்கரை: டச்சுக் கல்லறையும் இடிஞ்ச கோட்டையும் ஒரே நாள்ல நடந்து பாக்க முழு வழிகாட்டி

பழவேற்காடுன்னு சொன்னா சென்னைக்காரங்க பெரும்பாலும் ரெண்டு விஷயத்துக்குத்தான் வண்டி எடுக்குறாங்க. ஒண்ணு நண்டு இறால், இன்னொண்ணு படகு. காலைல பதினோரு மணிக்கு கார்ல வந்து இறங்கி, வெயில்ல ஏரியப் பாத்து நாலு போட்டோ எடுத்து, மீன் சாப்பாடு சாப்ட்டு மூணு மணிக்குத் திரும்பிடுறாங்க. அவங்க வந்த ரோட்டுலயே, கடைத்தெருவ ஒட்டியே, நானூறு வருஷத்து டச்சுக் கல்லறை இருக்கு, அதத் தாண்டி புதருக்குள்ள ஒரு கோட்டையே புதைஞ்சு கெடக்கு, கேட்டா "அப்படியா, பாக்கலையே"ங்கறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம். இந்த ஊர் நடந்து பாக்க வேண்டிய ஊரு, அதுவும் ஒரு வரிசையில நடந்தா ஒவ்வொண்ணும் அடுத்ததப் புரிய வைக்கும். அந்த வரிசையத்தான் இங்க முழுசா எழுதுறேன்.

மொத்த நடை எட்டுலேர்ந்து பத்து கிலோமீட்டருக்குள்ள அடங்கும். மலை ஏத்தம் எதுவும் கிடையாது, எல்லாம் தட்டையான மணல் தரை. ஆனா வெயில், முள்ளு, உப்புக்காத்து மூணும் உண்டு, அதனால சும்மா கடைத்தெருவுல உலாத்துற மாதிரி நெனச்சு வராதீங்க.

எந்த மாசம் போறது

நவம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை பெஞ்சு ஆரணி ஆறும் மத்த ஆறுகளும் தண்ணி கொண்டாந்து ஏரிய ரொப்பியிருக்கும், பூநாரைங்க (ஃபிளமிங்கோ) வந்திருக்கும், காலை வெயிலும் தாங்குற அளவுல இருக்கும். மழை கொட்டிக்கிட்டு இருக்குற வாரத்துல மட்டும் போகாதீங்க, கோட்டைப் பக்கம் முழுக்க சேறாயிடும், புயல் எச்சரிக்கை இருந்தா கரையில நிக்கவே விடமாட்டாங்க. ஏப்ரல் மே மாசத்துல தண்ணி வத்தி, உப்பு ஏறி, கரை ரொம்ப தூரம் உள்ள போயிடும், நெழலுக்கு ஒதுங்க மரமும் அதிகம் இல்லாத எடம், அந்த நேரத்துல இந்த நடை வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

சனி ஞாயிறு கூட்டம் இருக்கும். முடிஞ்சா வாரநாள்ல லீவு போட்டுப் போங்க. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடுற நாளா இருந்தா அன்னைக்கு ஊரே வேற மாதிரி இருக்கும். கடற்கரையில நின்னு ராக்கெட் பாக்க ஜனங்க வருவாங்க, மீனவர்களுக்குக் கடலுக்குள்ள போக கட்டுப்பாடு இருக்கும், போலீஸ் சில எடங்கள மறிச்சிருக்கலாம். ராக்கெட் பாக்கணும்னா அதுக்குன்னு தனியா ஒரு நாள் வாங்க, ரெண்டையும் ஒண்ணா வச்சுக்காதீங்க.

போற வழி

சென்னையிலேர்ந்து அறுபது கிலோமீட்டருக்குள்ளதான். எனக்குப் பிடிச்ச வழி ரயில்: சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் புறநகர் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி போற லோக்கல் ட்ரெயின் ஏறி பொன்னேரியில எறங்கணும், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். பொன்னேரியிலேர்ந்து பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கு, ஷேர் ஆட்டோவும் கிடைக்கும், இருபது கிலோமீட்டருக்குள்ளதான் தூரம். காலை ஆறு மணிக்கு முன்னாடி ட்ரெயின் ஏறிட்டீங்கன்னா எட்டு எட்டரைக்குள்ள ஊருக்குள்ள நிப்பீங்க. அதுக்கு மேல லேட்டானா வெயில் ஏறிடும், கல்லறையில காலை வெளிச்சத்துல எழுத்தப் படிக்கிற சுகமும் போயிடும்.

சொந்த வண்டின்னா மீஞ்சூர் வழியா வரலாம், இல்ல கொல்கத்தா நெடுஞ்சாலையில தச்சூர் கூட்ரோடு வரைக்கும் போயி பொன்னேரிப் பக்கம் திரும்பலாம். மீஞ்சூர் வழியில எண்ணூர் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போற லாரிங்க வரிசையா வரும், பைக்ல வர்றவங்க அதுக்காகவே தச்சூர் வழிய எடுங்க. வழியில திருப்பாலைவனத்துல திருப்பாலீஸ்வரர் கோயில் இருக்கு, சோழர் காலத்து கோயில், போகும்போது நின்னா நேரம் போயிடும், திரும்பி வரும்போது சாயங்கால பூசை நேரத்துல நுழைஞ்சு பாத்துட்டு வாங்க.

என்னென்ன எடுத்துக்கணும்

ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. தொப்பி. முழு பேன்ட், ஏன்னா கோட்டைப் பக்கம் முழுக்க சீமைக்கருவேல முள்ளு, அது சாதாரண செருப்பக் குத்தி மேல வந்துடும், அதனால கெட்டியான அடி இருக்குற ஷூதான் போடணும், இதுல மட்டும் சமரசமே கூடாது. கையில ஒரு குச்சி இருந்தா நல்லது, புதர்ல பாம்பு இருக்கலாம், தட்டிக்கிட்டே நடந்தா அது பாட்டுக்கு விலகிப் போயிடும். பைனாகுலர் இருந்தா எடுத்துக்கோங்க, பூநாரை எப்பவும் தூரத்துலதான் நிக்கும். சின்ன டார்ச் ஒண்ணு, அது எதுக்குன்னு கல்லறையில சொல்றேன். சில்லறைக் காசு. ட்ரோன் மட்டும் வேண்டவே வேண்டாம், ராக்கெட் தளம் ஏரிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு, தேவையில்லாத பிரச்சினையில மாட்டிக்குவீங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சுடுங்க

இத தெரிஞ்சுக்காம போனா அங்க இருக்குறது வெறும் செங்கல்லும் கல்லும்தான். பஸ்ல போகும்போதே படிச்சுடலாம்.

இந்த ஏரி இந்தியாவுல ஒடிசாவோட சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும் பகுதி ஆந்திராவுல இருக்கு, தெக்கு ஓரம் மட்டும் நம்ம பக்கம். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா தீவும் அதுக்குத் தெக்க நீளமான மணல் திட்டும் இருக்கு, தெக்க பழவேற்காடு பக்கம் முகத்துவாரம் வழியா கடல்தண்ணி உள்ள வந்து போகும். கப்பல் வெளியில கடல்ல நிக்கும், சரக்கு சின்னப் படகுல ஏரி வழியா கரைக்கு வரும், அலையில்லாத தண்ணி. துறைமுகம் நடத்துறவனுக்கு இதவிட வேற என்ன வேணும். அரபு வணிகர் வழிவந்த முஸ்லிம் குடும்பங்க பல நூற்றாண்டா இங்க இருக்காங்க, 1502 வாக்குல போர்ச்சுகீசியர் வந்தாங்க, அப்புறம் டச்சுக்காரங்க.

1610-ல விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர்கிட்ட அனுமதி வாங்கி டச்சுக்காரங்க இங்க பண்டகசாலை வச்சாங்க. சாந்தோம்ல இருந்த போர்ச்சுகீசியருக்கு அது பொறுக்கல, 1612-ல வந்து அடிச்சு நொறுக்கிட்டுப் போனாங்க. அதுக்குப் பிறகுதான் வெம்மர் வான் பெர்கெம்ங்கற டச்சு அதிகாரி 1613-ல கோட்டை எழுப்பி, நெதர்லாந்துல தன்னோட சொந்த மாகாணமான கெல்டர்லாந்து பேர வச்சு கெல்ட்ரியா கோட்டைன்னு கூப்பிட்டார். சோழமண்டலக் கடற்கரை முழுசுக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோட தலைமையிடம் 1690 வரைக்கும் இந்த ஊர்தான், அப்புறம் நாகப்பட்டினத்துக்கு மாத்திட்டாங்க. சென்னையில ஜார்ஜ் கோட்டை வேலை ஆரம்பிக்கிறதுக்கு கால் நூற்றாண்டு முன்னாடியே இங்க கோட்டை நின்னுச்சு. இன்னும் ஒண்ணு: ஆங்கிலேயருக்கும் இந்த ஊர் மேல கண்ணு இருந்துச்சு, டச்சுக்காரங்களோட ஒட்டி இருக்கப் பாத்து முடியாம, இதே ஏரியோட வடகோடியில துர்காராஜப்பட்டினத்துல 1626-ல போய் ஒதுங்கினாங்க, அதுவும் சரிப்படாமத்தான் 1639-ல மதராஸ்ல எடம் புடிச்சாங்க. அதாவது சென்னை நகரமே இந்த ஏரியில எடம் கிடைக்காதவங்க தேடிப் போன ஊர்தான்.

இங்கேர்ந்து போனது என்ன? துணி. சாயம் போட்ட துணி, பூ வரைஞ்ச துணி, கட்டம் போட்ட துணி. இத இன்னைக்கு இந்தோனேசியாவுல இருக்குற மலுக்குத் தீவுகளுக்குக் கொண்டு போயி கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குனாங்க. வெடிமருந்து ஆலை ஒண்ணும் நடத்துனாங்க, ஆசியா முழுக்க இருந்த அவங்க கப்பலுக்கும் கோட்டைக்கும் இங்கேர்ந்து மருந்து போச்சு. இது ரெண்டையும் எல்லாரும் எழுதுறாங்க. அதிகம் பேசாதது மூணாவது சரக்கு, அது மனுஷங்க. 17-ஆம் நூற்றாண்டுல பஞ்சமும் போரும் வந்தப்பல்லாம் இந்தக் கரையோர ஜனங்கள ஆயிரக்கணக்குல அடிமையா வாங்கி படேவியாவுக்கு, இன்னைக்கு ஜகார்த்தா இருக்குற எடத்துக்கு, கப்பல்ல ஏத்துனாங்க. கல்லறையில நீங்க பாக்கப்போற பேரெல்லாம் அந்த வியாபாரத்த நடத்துனவங்களோட பேரு. ஏத்தப்பட்டவங்களுக்கு இந்த ஊர்ல ஒரு கல்லு கூட கிடையாது. இத மனசுல வச்சுக்கிட்டுதான் அந்த வாசல்ல நுழையணும்னு நான் நெனைக்கிறேன்.

1781-ல ஆங்கிலேயர் புடிச்சாங்க, திருப்பிக் குடுத்தாங்க, மறுபடி எடுத்தாங்க, 1818-ல மறுபடி டச்சுக்காரங்க கைக்கு வந்து, கடைசியா 1825-ல நெரந்தரமா ஆங்கிலேயர்கிட்ட போயிடுச்சு. அதுக்குள்ள சென்னை பெரிய துறைமுகமா வளந்திருந்துச்சு, இந்த ஊர கவனிக்க ஆள் இல்ல.

முதல்ல கல்லறை

பஸ்ஸ விட்டு எறங்குனதும் ஒரு டீ குடிச்சுட்டு நேரா டச்சுக் கல்லறைக்குப் போங்க. யாரக் கேட்டாலும் காட்டுவாங்க, மெயின் ரோட்டுலயே இருக்கு. இந்தியத் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்குற எடம். கேட் பூட்டியிருந்தா பக்கத்துக் கடையில கேளுங்க, சுவரேறிக் குதிக்காதீங்க.

உள்ள ஓடிடாம வாசல்லயே நில்லுங்க. ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்குன எலும்புக்கூடு நிக்கும். ஒரே பயமுறுத்தல் மாதிரி தெரியும், ஆனா அது அந்தக் கால ஐரோப்பாவுல கல்லறைக்குன்னு இருந்த வழக்கம், நீயும் ஒரு நாள் இப்படித்தான்னு வர்றவங்களுக்குச் சொல்றது. நம்ம ஊர் கோயில் வாசல்ல துவாரபாலகர் நிக்கிற எடத்துல இங்க இவங்க நிக்கிறாங்க. விலா எலும்ப எண்ணிப் பாக்குற அளவுக்கு வேலைப்பாடு, காத்துல கரைஞ்சும் இன்னும் தெளிவா இருக்கு.

உள்ள போனா ரெண்டு வகை சமாதி தெரியும். ஒண்ணு தரையோட தரையா கெடக்குற பெரிய கருங்கல் பலகை. இன்னொண்ணு மேல எழும்புனது: கூம்பு மாதிரி உசந்தது, மண்டபம் மாதிரி வளைஞ்சது, செங்கல் சுண்ணாம்புல கட்டுனது. எல்லாரும் உசந்தது பக்கம் போய் செல்ஃபி எடுக்குறாங்க, உண்மையான பொக்கிஷம் தரையில இருக்கு. குனிஞ்சு பாருங்க. மேல் பாதியில குடும்பச் சின்னம், கேடயம், தலைக்கவசம், கொடி இலை. கீழ் பாதியில பேரு, பதவி, பொறந்த ஊரு, செத்த வருஷம். டச்சு தெரியாட்டியும் வருஷத்தையும் ஊர்ப்பேரையும் படிச்சுடலாம். சில கல்லுல வயச கணக்குப் பண்ணிப் பாத்தா மனசு கனத்துடும், கொழந்தைங்களும் இருக்காங்க, இருபது வயசுல வந்து இங்கயே முடிஞ்சவங்களும் இருக்காங்க.

இங்கதான் டார்ச். எழுத்து தேஞ்சு படிக்க முடியலன்னா டார்ச்ச கல்லுக்குப் பக்கவாட்டுல தரையோட ஒட்டி வச்சு அடிங்க, பள்ளமெல்லாம் நெழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சாக்பீஸ் தேய்க்கிறது, தண்ணி ஊத்துறது, பேப்பர் வச்சு பென்சில் உரசுறது எதுவும் செய்யாதீங்க, கல்லு அதுல கெட்டுப்போகும். சமாதி மேல ஏறி உக்காராதீங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்தச் சேதப்படுத்துனா 1958-ஆம் வருஷச் சட்டப்படி ஜெயில் தண்டனை வரைக்கும் உண்டு, அதையும் தாண்டி, அது ஒருத்தரோட சமாதி.

இந்த எடத்துக்கு முழுசா ஒரு மணி நேரம் குடுங்க. மொத்த நாள்லயும் இதுதான் அதிகம் பேசுற எடம்.

அடுத்து கோட்டை, அதாவது கோட்டை இருந்த எடம்

கல்லறையிலேர்ந்து ஏரிப் பக்கமா நடந்தா கொஞ்ச தூரத்துலயே கோட்டை மேடு. கோட்டைன்னதும் செஞ்சி மாதிரியோ வேலூர் மாதிரியோ எதிர்பாத்துப் போனா ஏமாந்துடுவீங்க, நிமிர்ந்து நிக்கிற மதில் கிடையாது. முள்காடு மூடுன மேடு, அங்கங்க செங்கல் கட்டுமானத்தோட அடி, சுத்தி அகழி இருந்த பள்ளம். இத பாக்குறதுக்கு ஒரு முறை இருக்கு.

மொதல்ல மேட்டுக்குள்ள நுழையாதீங்க, வெளியில சுத்தி வாங்க. அகழிப் பள்ளத்த ஒட்டி நடந்தா கோட்டையோட வடிவம் கால்லயே தெரியும், எங்க நேரா போகுது எங்க திரும்புதுன்னு. மழைக்காலத்துக்குப் பிறகு போனா அந்தப் பள்ளத்துல தண்ணி நிக்கும், இன்னும் தெளிவாப் புரியும். அப்புறம் ஏரிய பாத்து நில்லுங்க. இங்கேர்ந்து ஏரியும் முகத்துவாரப் பக்கமும் எவ்வளவு கிட்ட இருக்குன்னு பாருங்க, ஏன் இந்த எடத்த புடிச்சாங்கன்னு எந்தப் புத்தகமும் சொல்லாமலே புரிஞ்சுடும்.

உள்ள போறதா இருந்தா ஆடு மாடு போற ஒத்தையடிப் பாதை இருந்தா மட்டும் போங்க, தனியாப் போகாதீங்க, குச்சியால தட்டிக்கிட்டே போங்க. புதர் மூடுன எடத்துல கால வைக்காதீங்க, பழைய கட்டுமானம், அடியில பொந்து இருக்கலாம். செங்கல்லு, பீங்கான் துண்டு, ஓட்டுத்துண்டு எது கண்ணுல பட்டாலும் கையில எடுத்துப் பாக்கலாம், அதே எடத்துல வச்சுடணும். பையில போட்டுட்டு வர்றவங்கள நான் பாத்திருக்கேன், கோவம் வரும். ஒரு காலத்துல யாராவது முறையா தோண்டிப் பாக்கும்போது எந்தத் துண்டு எங்க கெடந்துச்சுங்கறதுதான் ஆதாரம், வீட்டு ஷோகேஸ்ல இருந்தா அது வெறும் ஓடு.

இந்த எடத்த சரியா சுத்தம் பண்ணி, அகழி வடிவத்த எடுத்து, ஒரு பலகை வச்சாலே போதும், பள்ளிக்கூடப் பசங்கள கூட்டிட்டு வந்து காட்டலாம். டேனிஷ்காரங்க கோட்டை இருக்குற தரங்கம்பாடிக்குக் கிடைச்ச கவனிப்புல பாதி இங்க கிடைச்சிருந்தா இந்தக் கோட்டை இப்படி முள்ளுக்குள்ள கெடக்காது.

கோயில் ரெண்டு

அடுத்து ஊருக்குள்ள திரும்புங்க. ஆதிநாராயணப் பெருமாள் கோயில், சமயீஸ்வரர் கோயில் ரெண்டையும் கேட்டுப் போங்க. ரொம்ப காலம் கவனிப்பில்லாம சிதைஞ்சு கெடந்த கோயிலுங்க. பெருமாள் கோயிலோட சிறப்பு கல்லு: செம்புரைக் கல்லுல கட்டுனது, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா செவப்பா இருக்கும். அந்தக் கல்லுல நுணுக்க வேலை செய்யிறது கஷ்டம், ஆனா அங்க ராமாயணக் காட்சிகள உள்ளங்கைக்குள்ள அடங்குற அளவு குட்டிக் குட்டி சிற்பமா வச்சிருக்காங்க. மேலோட்டமா சுத்திட்டு வந்தா கண்ணுலயே படாது, சுவர ஒட்டி மெதுவா நடக்கணும். விஜயநகர காலக் கட்டுமானம், டச்சுக்காரங்களுக்கு அனுமதி குடுத்த அதே அரசோட காலம். கல்லறைக்குப் பிறகு இங்க வரச் சொல்றதும் அதுக்காகத்தான்: வந்தவங்கள மட்டும் பாத்துட்டு, அவங்களுக்கு எடம் குடுத்த ஊர பாக்காம போயிடக் கூடாது.

பூசை நடக்குற நேரமா இருந்தா முறையா செருப்பக் கழட்டிட்டுப் போங்க. திருப்பணி வேலை நடந்துட்டு இருந்தா சாரம் கட்டுன பக்கம் போகாதீங்க.

பள்ளிவாசலும் மாதா கோயிலும்

பள்ளிவாசல் தெருவு அழகு. பழைய வீடுங்க, திண்ணை, ஓட்டுக்கூரை. சின்னப் பள்ளிவாசல்ல தொழுகை நேரம் பாக்குறதுக்கு வச்ச சூரியக் கடிகாரம் இருக்கு, அங்க இருக்குற பெரியவங்ககிட்ட சலாம் சொல்லி "பாக்கலாமா பாய்"னு கேளுங்க, நல்லபடியா காட்டுவாங்க. தொழுகை நேரத்துல மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க, வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். பெண்கள் கூட வந்தா உள்ள போகலாமான்னு மொதல்லயே கேட்டுக்கோங்க.

இந்தத் தெருக்கள்லயே பனை ஓலைப் பின்னல் வேலை செய்யிற பெண்கள் இருக்காங்க, கூடை, டப்பா, பூ வேலை எல்லாம் பண்றாங்க. வாங்குறதா இருந்தா இங்க வாங்குங்க, பேரம் பேசாதீங்க, ஒரு டப்பாவுக்கு எவ்வளவு நேரம் கை வேலை ஆகுதுன்னு பக்கத்துல உக்காந்து பாத்தா பேரம் பேச வாய் வராது.

மகிமை மாதா கோயில் போர்ச்சுகீசியர் காலத்துல, 1515-ல தொடங்குனதுன்னு சொல்றாங்க. ஒரு சுத்து சுத்திட்டு கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துட்டு வாங்க, இதுக்குள்ள மணி பதினொண்ணரை ஆயிருக்கும், வெயிலுக்கு ஒதுங்க நல்ல எடம்.

சாப்பாடு

பன்னெண்டு மணிக்கே சாப்பிடப் போயிடுங்க, ஒரு மணிக்கு மேல சனி ஞாயிறு எடமே கிடைக்காது. இங்க கேட்டு வாங்க வேண்டியது ஏரி மீன்: மடவை, கொடுவா, இறால், அப்புறம் பச்சை நண்டு. "கடல் மீனா ஏரி மீனா"ன்னு கேட்டா அவங்களே சொல்லுவாங்க. உவர்த் தண்ணியில வளந்த இறாலுக்கு தனி இனிப்பு உண்டு. மீன் மார்க்கெட்ல நேரா வாங்கி சமைச்சுக் குடுக்குற வீடுங்களும் இருக்கு, வெல முன்கூட்டியே பேசிக்கோங்க.

சாப்ட்டதும் ரெண்டரை மூணு மணி வரைக்கும் நடக்காதீங்க. கரையில நெழல் கிடைக்கிற எடத்துல உக்காந்து ஏரியப் பாருங்க. தண்ணி எவ்வளவு ஆழம் கம்மின்னு அப்பத்தான் தெரியும், நடு ஏரின்னு நீங்க நெனைக்கிற எடத்துல ஆள் இடுப்பளவு தண்ணியில நின்னு வலை இழுத்துக்கிட்டு இருப்பாங்க. இருளர் ஜனங்க வலையே இல்லாம கையால துழாவி இறால் புடிப்பாங்க, ஓலையில பின்னுன பறிய பல்லுல கடிச்சுக்கிட்டு ரெண்டு கையும் தண்ணிக்கடியில. மணிக்கணக்கா. கிட்ட போயி போட்டோ எடுக்காதீங்க, அது அவங்க வேலை நேரம். மீனவ கிராமங்களுக்குள்ள யார் எந்த நாள்ல எந்த எடத்துல வலை போடுறதுன்னு முறை வச்சு பிரிச்சுக்குற வழக்கம் ஒண்ணு இருக்கு, பாடுன்னு சொல்லுவாங்க, டச்சுக்காரன் போயி ஆங்கிலேயன் போயி எல்லாரும் போன பிறகும் அது நடந்துக்கிட்டு இருக்கு.

மதியத்துக்கு மேல: பாலம், லைட் ஹவுஸ், கடல்

மூணு மணிக்கு ஏரிப் பாலத்துல ஏறி அந்தப் பக்கம் நடங்க. பாலத்து நடுவுல நின்னு வடக்க பாத்தா ஏரி விரிஞ்சு போயிட்டே இருக்கும், பூநாரை கூட்டம் இருந்தா இங்கேர்ந்து பைனாகுலர்ல தெரியும், தூரத்துல வெள்ளைக் கோடு மாதிரி, அப்பப்ப ரெக்கை விரிக்கிறப்ப மட்டும் ரோஸ் நெறம். ரோட்டோரமா நடங்க, வண்டிங்க வேகமா வரும்.

அந்தப் பக்கம் லைட் ஹவுஸ் குப்பம். இங்க 1859-லயே கலங்கரை விளக்கம் வச்சிட்டாங்க, இப்ப நிக்கிறது அப்புறம் கட்டுனது. மேல ஏற அனுமதி இருக்கான்னு கேட்டுப் பாருங்க, இல்லன்னா வற்புறுத்தாதீங்க. குப்பத்தத் தாண்டுனா கடல். 2004 சுனாமியில இந்தக் கரையோர ஊருங்க அடி வாங்குன எடம், கடற்கரையில நடக்கும்போது அது தெரிஞ்சே நடங்க. குளிக்கணும்னு ஆசைப்படாதீங்க, இழுப்பு அதிகம், காப்பாத்த ஆள் கிடையாது. முகத்துவாரம் பக்கம் தண்ணி வத்துனாப்பல தெரிஞ்சாலும் எறங்கிக் கடக்கக் கூடாது, மணல் அடிக்கடி எடம் மாறும், ஒரு பக்கம் மூடிக்கும் இன்னொரு பக்கம் ஆழமா அறுத்துடும், உள்ளூர் ஆளுங்களே பாத்துதான் கால் வைப்பாங்க.

படகு பத்தி கண்டிப்பா சொல்ல வேண்டியது

கரையில யாராவது வந்து படகு சவாரி போலாமான்னு கேப்பாங்க. போகாதீங்க. 2011 டிசம்பர் 25 அன்னைக்கு, கிறிஸ்துமஸ் நாள்ல, சுத்திப்பாக்க வந்தவங்க ஏறுன படகு கவுந்து 22 பேர் செத்துப் போனாங்க, கொழந்தைங்க உட்பட. அதுக்குப் பிறகு சவாரிக்குத் தடை போட்டாங்க. ஏரி ஆழம் இல்லாம அமைதியாத் தெரியும், ஆனா முகத்துவாரத்துக்கிட்ட கடல் அலையும் ஏரித் தண்ணியும் மோதுற எடம் வேற. லைஃப் ஜாக்கெட் இல்லாம, அளவுக்கு மேல ஆள ஏத்திக்கிட்டு, மீன் புடிக்கிற படகுல போறது வேண்டவே வேண்டாம். படகோட்டிகிட்ட கோவப்படவும் வேண்டாம், மீன் கம்மியான நாள்ல அவருக்கு அது ஒரு வருமானம், "இல்லண்ணே, நடந்தே பாக்க வந்தோம்"னு சொல்லிட்டு வாங்க. இந்த வழிகாட்டியில இருக்குற எதுக்கும் படகு தேவையே இல்ல.

திரும்புறது

அஞ்சு மணிக்கு கடற்கரையிலேர்ந்து கெளம்பிடுங்க, அஞ்சரைக்கு பாலத்துல இருந்தா ஏரி மேல சூரியன் எறங்குறத பாக்கலாம், ஆறு மணிக்குள்ள பஸ் ஸ்டாண்டு. இருட்டுனதுக்குப் பிறகு மணல் பாதையில நடக்காதீங்க. பொன்னேரிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு காலைலயே கண்டக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க, இதத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. பொன்னேரி வந்துட்டா ராத்திரி வரைக்கும் சென்னைக்கு லோக்கல் ட்ரெயின் இருக்கு.

கொழந்தைங்க, வயசானவங்க கூட வந்தா கோட்டை மேட்ட வெளியிலேர்ந்து மட்டும் காட்டிட்டு, மதியத்துக்கு மேல பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆட்டோவுல போயிடுங்க, கல்லறையையும் பெருமாள் கோயிலையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுடாதீங்க. அரை நாள்தான் இருக்குன்னா கல்லறை, கோட்டை, பள்ளிவாசல் தெருவு, சாப்பாடு, அவ்வளவுதான், கடல அடுத்த தடவைக்கு வச்சுக்கோங்க. குப்பைய கையோட எடுத்துட்டு வந்துடுங்க, ஏரியில போட்ட பிளாஸ்டிக் வலையிலதான் வந்து மாட்டுது, அத பிரிச்சு எடுக்க மீனவருக்குப் பாதி காலை போயிடுது.